ஏழு வீட்டுக் கொடி

வாடை போய் நாளாயிற்று.
சோளகம் இன்னும் வரவில்லை.
இந்த இடைநாள் காற்றுக்கு
எங்கள் ஒழுங்கையில் எவரும் பெயர் வைக்கவில்லை.
வைக்கும் அளவுக்கு அது வீசுவதுமில்லை.

மொட்டை மாடியில் ஒரே நைலோன் கொடி,
ஏழு வீட்டுக்கும்.
தண்ணீர்த் தாங்கியின் காலில் தொடங்கி
யாரோ கைவிட்டுப்போன அன்டெனாவில் முடியும்.
திங்கட்கிழமை என்னுடையது:
நாலு சேட்டு, ஒரு சாரம்.

ஏப்ரல் முதல் வாரம்
பதினொரு மணிக்கே சேட்டுகள் விறைத்து நின்றன,
மடித்தால் முறியும்போல.
பார்மசியில்
வேர்க்குருப் பவுடர் முடிந்துவிட்டதென்று
ஒரே நாளில் முப்பது பேருக்குச் சொன்னேன்.
முப்பத்தோராவது ஆள் கேட்கவில்லை,
காத்தாடிக்குக் கீழே சும்மா நின்றுவிட்டுப் போனார்.

ஏழாம் திகதி நடுப்பகல்
சூரியன் நேர் உச்சியில்.
தேத்தண்ணிக்கு வெளியே வந்தவன்
என் நிழலைத் தேடினேன்.
செருப்புக்கு அடியில் ஒளிந்திருந்தது,
வெயிலுக்குப் பயந்த நாய்க்குட்டி.

மறுநாள் தொடக்கம்
மழைக்கு உத்தியோகம் கிடைத்தது.
மூன்றரைக்கு வந்து கையெழுத்திடும்.
நாரஹேன்பிட்டிப் பக்கம் வானம் கறுக்கும்,
கடற்பக்கம் வெயில் அப்படியே கிடக்கும்.
ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குளிப்பவர்கள்
தலையைத் துவட்டும்போதே
இந்தப் பக்கம் ஓட்டோக்கள் நீந்தும்.
நாலரைக்கு எல்லாம் முடிந்து
காலி வீதி ஆவி விடும்,
இடியப்பத் தட்டைத் திறந்த மாதிரி.

பன்னிரண்டாம் திகதி ஊர் காலி.
இரண்டாம் மாடி மங்களிக்கா
பிள்ளைகளோடு மொனராகலைக்கு பஸ் ஏறினாள்.
கொடியில் மறந்து போனவை:
பள்ளிச் சட்டை இரண்டு, ஒரு துவாய்,
வெள்ளைச் சொக்ஸ் ஒரு சோடி.
தொடுவதா விடுவதா என்று
ஒரு பகல் முழுக்க யோசித்தேன்.
அடுத்த வீட்டுப் பெண்ணின் துணி.
நான் தனி ஆள்.
ஏழு வீட்டுக்கும் கண் உண்டு,
அவற்றில் ஐந்து அன்றைக்குப் பூட்டியிருந்தாலும்.

பதினாலாம் திகதி புண்ணிய காலம்.
அடுப்பு எரியவில்லை, கடை திறக்கவில்லை,
வானமும் வேலை செய்யவில்லை.
குயில் மட்டும் நேரங்காலம் பாராமல்
ஒரே கேள்வியைக் கேட்டபடி இருந்தது.
பிறகு, நல்ல நேரம் பார்த்தவன்போல்,
இடி.

கையில் எடுத்த வரைக்கும் எடுத்தேன்.
சட்டைகள், துவாய், ஒற்றைச் சொக்ஸ்.
அன்றிரவு என் அயன் பெட்டி
முதன்முறையாக ஒரு சின்னக் கொலரைத் தொட்டது.
உள்ளே நீல மையில் பேர்: செனுத்.
கொஞ்சம் தயங்கித்தான் தேய்த்தேன்.

அடுத்த மூன்று நாளும் மழை தவறவில்லை.
மாடியில் தண்ணீர் வடியாமல்
கணுக்கால் வரை நின்றது.
தாங்கி, கொடி, அன்டெனா எல்லாம்
தலைகீழாக இன்னொரு தடவை.
வடிகுழாய்க்குள் கையை விட்டேன்.
ஊறிப்போன துணி ஒன்று விரலில் அகப்பட்டது.
இழுத்தேன்.
வானம் முழுவதும்
சத்தம் போட்டுக்கொண்டு
குழாய் வழியே ஒழுங்கைக்கு இறங்கிற்று.

இருபத்திரண்டில் அவள் வந்தாள்.
மடித்த துணிக்கு மேலே
சோடி சேர்ந்த சொக்ஸை வைத்துக் கொடுத்தேன்.
ஒன்று வெள்ளை, ஒன்று தேத்தண்ணி நிறம்.
இரண்டையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தாள்.
மாலையில் செனுத்
ஒரு பெட்டி கொண்ட கவுங் கொண்டுவந்து
வாசலில் நின்றபடியே
சட்டையைத் தேய்த்தது யார் என்று கேட்டான்.
மழை என்றேன். நம்பவில்லை.

இன்று முப்பது.
காலையில் மேலே போனால்
கொடி முழுக்கக் கிழக்கே சாய்ந்து கிடக்கிறது.
கடலில் வெள்ளை நுரை,
வாயில் உப்பு.
மங்களிக்கா பற்களுக்கிடையில் இரண்டு கிளிப்போடு
இதென்ன காற்று என்கிறாள்.
இதற்குப் பெயர் இருக்கிறது, சோளகம் என்கிறேன்.
சொல்லிப் பார்க்கிறாள்.
ள கரம் கிளிப்பில் மாட்டிக்கொள்கிறது.
திருத்த வாயெடுப்பதற்குள்
என் சாரம்
பக்கத்து மாடிக்குப் போய்விட்டது.